புரூசெல்லாவின் பெருந்தன்மை

புரூசெல்லாவைப் போல நிதானமான கிருமியைப் பார்ப்பது அரிது. காலையில் காய்ச்சலைத் தணிக்கும், மாலையில் ஏற்றும், இரவில் படுக்கை நனைய வியர்க்கவைக்கும். இடுப்பையும் மூட்டையும் பிடித்துக்கொண்டு வாரக்கணக்கில் தங்கும். கிருமியை விழுங்கவேண்டிய வெள்ளணுக்களுக்குள்ளேயே குடியிருக்கும். ஆடு மேய்ப்பவர், பால் கறப்பவர், கால்நடை மருத்துவர், அறுப்புக்கூடத் தொழிலாளி என்று உடம்பை நம்பிப் பிழைப்பவர்களிடம்தான் அதற்கு ஒட்டுதல் அதிகம்.

அதன் பணிவும் மெச்சத்தக்கது. விடால் பரிசோதனையில் ஏதோ மங்கலாகத் தெரிந்து டைபாய்டு என்று எழுதினால், அந்தப் பெயரிலேயே இருந்துகொள்ளும். முதுகெலும்பு அரித்திருப்பதைப் பார்த்துக் காசநோய் மருந்து தொடங்கினால் அதற்கும் ஒத்துழைக்கும். அதிலுள்ள ரிஃபாம்பிசின் இதையும் ஓரளவு அடக்குமல்லவா, காய்ச்சல் கொஞ்சம் இறங்கி மருத்துவரின் மனமும் குளிரும்.

முகவரியை மறைக்காத நேர்மையும் உண்டு. 1887-ல் மால்டாவில் இறந்த படைவீரர்களின் மண்ணீரலில் டேவிட் புரூஸ் இதைக் கண்டெடுத்தார். 1905-ல் வெள்ளாடுகளிடமிருந்து வருகிறது என்று தெமிஸ்டோக்லிஸ் சமித் காட்டினார். அன்றிலிருந்து இது வழியை மாற்றவில்லை. வீட்டில் ஆடு மாடு உண்டா, சமீபத்தில் கன்று வீசியதா, நஞ்சுக்கொடியை வெறுங்கையால் எடுத்தீர்களா, காய்ச்சாத பால் குடித்தீர்களா? இந்தக் கேள்விகளுக்குப் பிடிபடுவதற்கு அது நூறாண்டுக்கு மேலாகத் தயாராக நிற்கிறது. காய்ச்சல் வார்டில் கேட்கப்படுவதோ பெரும்பாலும் எத்தனை நாளாகக் காய்ச்சல் என்பதுதான்.

செலவு வைக்காத குணத்தையும் சொல்லவேண்டும். ஒரு சொட்டு ரத்தநீரோடு ஒரு சொட்டு ரோஸ் பெங்கால் சோதனைத் திரவத்தைக் கலந்தால், நோய் இருப்பவரிடம் பெரும்பாலும் சில நிமிடங்களில் திரண்டு காட்டிவிடும். மற்றொரு சோதனையால் அதை உறுதிசெய்துகொள்ளலாம். ரத்தத்திலிருந்து வளர்த்துப் பார்க்க மட்டும் அவகாசம் கேட்கும். சந்தேகத்தைச் சீட்டில் எழுதாவிட்டால், ஐந்தாம் நாளே ‘வளர்ச்சி இல்லை’ என்று முடித்துவிடும் ஆய்வகத்தின் தீர்ப்பை மறுக்காது. எச்சரிக்கப்படாமல் அந்த வளர்ப்புப் புட்டியைத் திறந்து கையாளும் ஊழியரின் மூச்சுக்காற்றிலும் கலந்து, அவரையும் தனக்கு வேண்டியவராக்கிக்கொள்ளும்.

கண்டுகொண்டால் டாக்சிசைக்ளினும் ரிஃபாம்பிசினும் சேர்த்து குறைந்தது ஆறு வாரம் கொடுக்கவேண்டும். ஐந்து நாள் மாத்திரையோடு அனுப்பினாலும் வருத்தப்படாது. கொஞ்சம் அடங்கியிருந்துவிட்டு, கூலியிழந்த அதே ஆளை அதே மருத்துவமனை வரிசையில் மறுபடியும் கொண்டுவந்து நிறுத்தும்.