பொண்ணுக்கு லேப் டிப்

ராத்திரி பதினொன்றரைக்கு வாட்ஸப்பில் வந்த செய்தி இது: "படமெல்லாம் சூப்பருங்க தம்பி. பொண்ணு முகத்தை மட்டும் ரெண்டு ஷேடு தூக்கி உட்ருங்க. மத்தபடி ஓகேங்க."

மத்தபடி ஓகே என்றால் என்ன பொருளென்று சாமளாபுரத்தில் ஸ்டூடியோ வைத்திருப்பவனுக்குத் தெரியும். முந்நூறு படத்திலும் பொண்ணு இருக்கிறாள்.

கல்யாண ஆர்டரில் பாக்கி வசூலிப்பது எப்படி என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அதற்கு வருகிறேன். முதலில் இந்த ஷேடு சமாசாரத்தை முடித்துவிடுகிறேன்.

செய்தி அனுப்பியவர் பொண்ணின் அப்பா. திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். அவருடைய மேசைக்குப் பக்கத்தில் லைட் பாக்ஸ் இருக்கும். டையிங்கிலிருந்து லேப் டிப், அதாவது சாய சாம்பிள், வந்தால், அந்த உள்ளங்கை அகலத் துணியை பாக்ஸுக்குள் வைத்து, பகல் வெளிச்சத்துக்கு டி65, ஐரோப்பாக் கடை வெளிச்சத்துக்கு டிஎல்84 என்று மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பார். ஒரு வெளிச்சத்தில் ஒத்துப்போன துணி இன்னொன்றில் ஒத்துப்போகாவிட்டால் "மெட்டாமெரிசம்" என்று ஒரே சொல்லில் திருப்பி அனுப்பிவிடுவார். ஏ, பி, சி என்று மூன்று ஆப்ஷன் கொடுத்தால் மூன்றும் வேண்டாம், பிக்கும் சிக்கும் நடுவில் ஒன்று வேண்டும் என்பார். நீலத்தில் மயிரிழை சிவப்பு ஏறினாலும் அவருக்கு ராத்தூக்கம் வராது. அவர் பெற்ற பெண் நல்ல மாநிறம். அந்த ஷேடு மட்டும் பையரே கேட்காமல் ரெண்டு படி ஏற வேண்டுமாம்.

சரி, ஏற்றுகிறேன். முகத்தை ஏற்றினால் கழுத்து கீழே நிற்கிறது. பனியன் தைக்கிற ஊரில் இதை விளக்க வேண்டியதில்லை: பாடி ஒரு ஷேடு, நெக் ரிப் ஒரு ஷேடு. அப்படி ஒரு டீசர்ட் வந்தால் செக்கிங் மேசையில் நிற்கிற அக்காவே தூக்கிச் செகண்ட்ஸில் போட்டுவிடுவார். ஆகவே கழுத்தையும் ஏற்றுகிறேன். இப்போது கை. கையில் மருதாணி; கையை ஏற்றினால் மருதாணி வெளுத்து, ஆரஞ்சு மிட்டாய் தின்றுவிட்டு விரலைத் துடைக்காத மாதிரி ஆகிறது. அதைத் தனியாக வெட்டி, கையை மட்டும் ஏற்றி, திரும்ப ஒட்டினேன். அதற்குள் மாப்பிள்ளை வீட்டிலிருந்து போன்: "எம் பையன் பக்கத்துல நிக்கறப்ப எண்ணெய்ச் சட்டியாட்டத் தெரியறானுங்க, அவனையும் ஒரு ஷேடு." ஏற்றினேன். மாப்பிள்ளையின் பட்டு வேட்டி, சட்டையெல்லாம் வெள்ளையாகக் கரைந்து போய்விட்டன. மாலை மட்டும் அந்தரத்தில் தொங்கியது. வேட்டியை மீட்டெடுத்து நிமிர்ந்தால், இணைச்சீர்ச் சடங்குப் படத்தில் மாப்பிள்ளையின் அக்கா நிற்கிறார். கூடப்பிறந்தவர்கள் இரண்டு வேறு டையிங்கிலிருந்து வந்தவர்கள் போல இருக்கிறார்கள். அக்காவையும் ஏற்று. அப்புறம் மாமா, அத்தை, பந்தியில் சாதம் பரிமாறினவர். கடைசியில் மண்டபத்தில் அசல் நிறத்தோடு மிச்சமிருந்தது குத்துவிளக்கு ஒன்றுதான். அதையும் பார்த்துவிட்டு ஒரு பெரியம்மா சொன்னார்: "விளக்கு கொஞ்சம் டல்லா இருக்குதுங்."

மேடை வெளிச்சத்தின் கதை வேறு. ஊதா, ரோஸ், மஞ்சள் என்று நிமிஷத்துக்கு ஒரு கலர் மாறும் எல்.இ.டி. விளக்குகளுக்கு நடுவே தாலி கட்டினால் டி65 எங்கிருந்து வரும்? லைட் பாக்ஸ் வைத்திருக்கிற ஆளே மேடைக்கு அந்த விளக்கைச் சொல்லி வைத்திருந்தார்.

நிறம் பார்ப்பது எங்கள் பக்கத்துக்குப் பழக்கமானதுதான். எங்கள் ஊரைத் தாண்டித் திருப்பூருக்குள் போகிற நொய்யல் என்ன கலரில் ஓடுகிறது என்பது கோர்ட் வரைக்கும் போய், 2011இல் சாய ஆலைகளையே மூடச் சொன்னார்கள். ஆற்றுக்குக் கலர் ஏறக்கூடாது, பொண்ணுக்கு இறங்க வேண்டும்.

இதெல்லாம் கம்ப்யூட்டர் வந்த பிறகு பிடித்த கிறுக்கு என்று நினைக்க வேண்டாம். 1855இல் பாரிஸ் கண்காட்சியில் மியூனிக்கைச் சேர்ந்த ஃபிரான்ஸ் ஹான்ஃப்ஸ்டெங்கல், ஒரே ஆளின் படத்தை நெகட்டிவில் டச் செய்வதற்கு முன்னும் பின்னுமாக மாட்டி வைத்தார். அதற்கப்புறம் 'முன்' படத்தை ஒரு வாடிக்கையாளரும் கேட்டதில்லை. கலர் ஃபிலிம் காலத்தில் கோடாக் கம்பெனி லேபுகளுக்கு ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படத்தை அனுப்பி வைக்கும். ஷெர்லி கார்டு என்பார்கள். அவள் முகம் சரியாக வந்தால் பிரிண்ட் சரி. கறுத்த முகங்கள் எப்படி வந்தாலும் யாருக்கும் அக்கறையில்லை. பின்னால் ஃபிலிமில் பழுப்பு நிறங்கள் தேறின என்றால், அதற்குச் சாக்லேட் கம்பெனிகளும் மரச்சாமான் கம்பெனிகளும் செய்த புகாரும் ஒரு காரணம். மிட்டாய்க்காகவும் மேசைக்காகவும் கிடைத்த பழுப்பு அது. இன்றைய கேமரா நம் தோலை உள்ளது உள்ளபடி பிடிக்கிறது. அவ்வளவு விலை போட்டு அதை வாங்கி, பிடித்ததை ராத்திரி ஒரு மணி வரை உட்கார்ந்து அழிக்கிறேன். எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

"வேண்டாமுங்க, புள்ள இப்படியே லட்சணமாத்தான் இருக்குது" என்று சொல்லிப் பார்த்தேன். "லட்சணந்தானுங்க. ஆனா..." என்றார். இந்தப் பக்கம் யாரும் படம் நன்றாயில்லை என்று சொல்வதே இல்லை. "நல்லாத்தானுங்க இருக்குது" என்று இழுப்பார்கள். அந்த 'தானுங்க'வில் என் ஒரு வார வேலை போகும்.

பாக்கிக்கு வருகிறேன். அட்வான்ஸ் தேதி குறித்ததும், பாதி கல்யாணத்தன்றும், மீதி ஆல்பம் கையில் கொடுத்ததும் என்பது வழக்கம். ஆல்பம் எப்போது கைக்குப் போகும்? ஷேடு அப்ரூவல் ஆனதும். அது எப்போது ஆகும் என்று—

இருங்கள், கடைக்கு ஆள் வந்திருக்கிறது.

சோமனூரிலிருந்து ஒரு தறிக்காரர். கையில், ஓரம் செல்லரித்த கறுப்பு வெள்ளைப் படம். செத்துப்போன அப்பாரு, பேத்தி கல்யாண குரூப் படத்தில் பின்வரிசையில் சேர்க்க வேண்டுமாம்.

"கலர் பண்ணோணுமுங்களே, அப்பாரு என்ன நெறமுங்க?"

"நல்ல கருப்புங்க" என்றார் பட்டென்று. எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. மவுஸைக்கூடத் தொட்டுவிட்டேன்.

"ஆனா பேத்திக்கு எத்தனை ஷேடு தூக்கறீங்களோ, அவருக்கும் அதே தூக்கீருங்க. செட்டு மேட்ச் ஆகோணுமல்ல?"