மந்திரி வர்றார், ஆடுங்க பிள்ளைகளே!

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் கலைக்கல்வி இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இருக்கிறது. அமைச்சரின் பயணத் திட்டம் கைக்கு வந்த மறுகணமே அது உயிர்த்தெழும். ஒன்பதாம் வகுப்பில் நிறமாக, ஒரே உயரமாக இருக்கும் பெண் பிள்ளைகளைப் பொறுக்கி எடுப்பார்கள். உடை வாடகைக்கு வரும், பாட்டு பென்டிரைவில் வரும், மூன்றே நாளில் ‘பாரம்பரியக் கலை’ தயார். பதினொரு மணி விழாவுக்கு ஏழு மணிக்கே பவுடர் அப்பி வெயிலில் நிறுத்திவிடுவார்கள். அமைச்சர் ஒன்றரை மணிக்கு வருவார். செல்பேசியில் ஒரு கண், மேடையில் ஒரு கண். பாதிப் பாட்டில் பொன்னாடை போர்த்த ஆள் ஏறிவிடும். கலை வளர்ந்துவிட்டது. பிள்ளைகள் காலையில் சாப்பிட்டார்களா என்ற கேள்வி சிலபஸில் இல்லை.

அமைச்சர் வராத நாட்களிலும் கால அட்டவணையில் பாட்டு வகுப்பு அச்சாகித்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பீரியடுக்குக் கணக்கு வாத்தியார் எப்போதோ பட்டா வாங்கிவிட்டார். “போர்ஷன் முடியல” என்று ஒரு சொல் போதும், சரஸ்வதியே எழுந்து வழிவிட வேண்டியதுதான். பத்தாம் வகுப்பு வந்துவிட்டால் அந்தப் பாசாங்கும் தேவையில்லை. பதினைந்து வயதில் வாய்விட்டுப் பாடினால் மதிப்பெண் குறையும் என்பது நம் கல்வியாளர்களின் கண்டுபிடிப்பு. தனியார் பள்ளிகளுக்கு இந்தக் குழப்பம்கூடக் கிடையாது. ஆண்டு விழாவுக்கு இரண்டு வாரம் டான்ஸ் மாஸ்டர், உடைக்குத் தனிக் கட்டணம், சினிமாப் பாட்டு. அதற்குப் பெயர் ‘முழுமையான ஆளுமை வளர்ச்சி’. ரசீது உண்டு.

சரி, சொல்லிக்கொடுக்க ஆள் யார்? இசை, ஓவியம், தையல், உடற்கல்வி, கணினி என்று அரசுப் பள்ளிகளுக்காக 2012இல் 16,549 பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தார்கள். வாரத்தில் மூன்று அரை நாள், மாதம் 5,000 ரூபாய். மே மாதம் சம்பளமே இல்லை என்றார்கள். பள்ளிக்கு விடுமுறையென்றால் வாத்தியார் வயிற்றுக்கும் விடுமுறை என்று எந்த மேதை கண்டானோ! எடுத்தது ஒரு கட்சி. நிரந்தரமாக்குவோம் என்று 2021 தேர்தல் அறிக்கையில் அச்சடித்து வென்றது இன்னொரு கட்சி. வென்றவர்கள், அதற்குள் 10,000 ரூபாயாகியிருந்த சம்பளத்தை 2024இல் 12,500 ஆக்கினார்கள். வீட்டு வாடகைக்கு வழியில்லாமல் சென்னைக்கு வந்து போராடினால், கைதாகிக் கல்யாண மண்டபத்தில் அடைபட வேண்டும். பாட்டு வாத்தியாருக்கு அரசு தரும் மேடை அதுதான்.

இந்த லட்சணத்தில் 2022இலிருந்து கலைத் திருவிழா வேறு. கலையரசன், கலையரசி பட்டம், வென்றவர்களுக்கு வெளிநாட்டுச் சுற்றுலா. திருவிழாவை நான் குறை சொல்லவில்லை. அரசுப் பள்ளிப் பிள்ளை கையில் ஒலிவாங்கி வருவது நல்லதுதான். ஆனால் ஆண்டு முழுக்க ஒரு ஸ்வரம் சொல்லித்தராத பள்ளி போட்டிக்கு ஆளனுப்புவது, விதைக்காத வயலுக்கு அரிவாளோடு போவது. அப்படியும் ஒரு பிள்ளை ஜெயிக்கிறது என்றால் அது அப்பனிடமோ பாட்டியிடமோ கற்றது. கோப்பையோடு படமெடுத்துக்கொள்ளத் தலைமையாசிரியர் மட்டும் முதல் வரிசைக்கு வந்துவிடுவார்.

பறை அடிக்கும் பையனின் கதை இன்னும் கசப்பு. மேடையில் அவன் கையில் இருப்பது ‘தமிழரின் ஆதி இசை’. அதே பறையோடு அவன் அப்பா தெருவில் நடந்தால் ‘எந்த வீட்டுல சாவு?’ என்று கேட்கிற அதே வாய்தான் மேடைக்குக் கீழிருந்து விசிலடிக்கிறது. பறை யார் தோளில் ஏன் சுமத்தப்பட்டது என்று பேச ஒரு பீரியட் உண்டா? அதற்கும் போர்ஷன் முடியவில்லை.

படிப்போடு கலையையும் சொல்லித்தருவது செய்ய முடியாத காரியமா? காஞ்சிபுரம் பக்கம் புஞ்சரசந்தாங்கலில், சின்ன வயதிலேயே பள்ளியை விட்டுக் கூத்துக்குப் போன பி. ராஜகோபால், அந்த நிலை அடுத்த தலைமுறைக்கு வரக் கூடாதென்று கட்டைக்கூத்து குருகுலம் நடத்தினார். படிப்பும் கூத்தும் ஒரே கூரையின் கீழ். ஆண்கள் மட்டுமே கட்டிய வேடத்தைப் பெண் பிள்ளைகளும் கட்டினார்கள். 2002இல் தொடங்கிய குருகுலம் 2020இல் மூடப்பட்டது. நம் ஊரில் எந்தப் பேருந்தும் நிற்கவில்லை, எந்த அறிக்கையும் பறக்கவில்லை.

அடுத்த ஆண்டு விழாவுக்கு அழைப்பிதழ் வரும். முன்வரிசையில் உட்கார்ந்து பிள்ளையைப் படம் பிடிப்பதற்கு முன், தலைமையாசிரியரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். போன வாரம் பாட்டு வகுப்பு எந்தக் கிழமை நடந்தது? நடத்தியவருக்கு மே மாதம் சம்பளம் உண்டா?