பனியூர்த் தூதன்

வின்னிபெக்,
ஜனவரி

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

வெளியே மைனஸ் 30. பெட்ரோல் கார்தான், ஆனாலும் எஞ்சின் விறைத்துப் போகாமலிருக்க ராத்திரி முழுக்க வயர் மாட்டிச் சுவர் பிளக்கில் சொருகி வைக்கிறோம்.

வீட்டுக்குள் அடைந்து கிடந்து ஒரு நாவல் படித்தேன். உர்சுலா லெ குவின் 1969-இல் எழுதிய 'தி லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னஸ்'. கெதென் என்ற பனிக் கிரகத்துக்கு, 'எங்கள் கூட்டமைப்பில் சேருங்கள்' என்று சொல்ல ஜென்லி ஆய் என்ற தூதர் தன்னந்தனியாகப் போகிறார். ஒற்றை ஆளைப் பார்த்து யார் பயப்படப் போகிறார்கள்? கூட வந்தவர்கள் விண்கப்பலில் உறங்குகிறார்கள். இவர் கூப்பிட்டால்தான் இறங்குவார்கள். விசாவுக்குக் காத்திருக்கும் உங்கள் மருமகளும் அப்படித்தான். என்ன, அவள் உறங்குவதில்லை, தினமும் போன் செய்கிறாள்.

கெதெனில் பீரைச் சூடாகக் குடிக்கிறார்கள். கோப்பையில் படியும் பனிக்கட்டியை உடைக்க மேஜையிலேயே ஒரு கருவி உண்டு. ஆண், பெண் என்ற நிரந்தரப் பிரிவு கிடையாது. மாதத்தில் சில நாள் மட்டும் இரண்டில் ஒன்றாக மாறுவார்கள். ராஜாவே கர்ப்பமாகிறார்! பெரியம்மாவிடம் சொல்லாதீர்கள், அங்கே போக டிக்கெட் கேட்பார்.

உங்களுக்கு அந்த ஊர் ஒத்துவராது. அங்கே ஒருவருக்கு நேராக அறிவுரை சொன்னால் அவமரியாதை. பிரதமர் எஸ்ட்ராவன் ஆபத்தைச் சுற்றிவளைத்துச் சொல்ல, தூதர் அவரையே சந்தேகப்படுகிறார். கடைசியில் சிறைப்பட்ட தூதரை மீட்பவரும் அவரே. இருவரும் சறுக்குவண்டியை இழுத்துக்கொண்டு எண்பது நாள் போலப் பனிப்பாலையைக் கடக்கிறார்கள். அரண்மனையில் பலிக்காத தூது, ஒரு கூடாரத்துக்குள் பலிக்கிறது.

இங்கேயும் அதே கதைதான். ஆபீஸ் வரவேற்பில் எல்லாரும் என் பெயரைக் கேட்டார்கள், மறந்தார்கள். போன வாரம் கார் பனியில் புதைந்தபோது எதிர்வீட்டுக்காரர் ஒரு வார்த்தை பேசாமல் மண்வாரியோடு வந்தார். இருவரும் தள்ளி முடித்ததும் வீட்டுக்குக் கூப்பிட்டு ரசம் கொடுத்தேன். அதிலிருந்து அடிக்கடி வருகிறார். 'காரம்' என்று சொல்ல மாட்டார், "உங்கள் ஊரில் வெயில் அதிகமோ?" என்பார். நான் புரிந்துகொண்டு மிளகைக் குறைக்கிறேன்.

ஆகவே பெரியம்மாவின் ரசப்பொடி இரண்டு கிலோ அனுப்பிவையுங்கள். ஒன்று சாப்பாட்டுக்கு, மற்றது தூதுக்கு.

இப்படிக்கு,
உங்கள் பிள்ளை