குடலுக்கு ஒரு ஜாதகம்

இஸ்ரேலின் வைஸ்மன் நிலையத்தார் 2015-இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். 800 பேரின் உடம்பில் சர்க்கரை அளக்கும் கருவியைப் பொருத்தி, ஒரு வாரம் தின்னவிட்டு வேடிக்கை பார்த்திருந்தார்கள். ஒருவருக்கு வாழைப்பழம் தின்றால் சர்க்கரை எகிறுகிறது, பிஸ்கட் தின்றால் சாதுவாக இருக்கிறது. இன்னொருவருக்கு நேர்மாறு. குடலில் வாடகையில்லாமல் குடியிருக்கும் நுண்ணுயிர்களுக்கும் இதில் பங்கு உண்டாம். பிஸ்கட் ஒத்துக்கொண்ட அந்தப் புண்ணியவான் அன்றிரவு எவ்வளவு நிம்மதியாகத் தூங்கியிருப்பார்!

அதே குழு 2017-இல் 20 பேருக்கு ஒரு வாரம் வெள்ளை ரொட்டியும், ஒரு வாரம் புளிக்கவைத்த முழுக்கோதுமை ரொட்டியும் கொடுத்தது. சராசரியாகப் பார்த்தால் சர்க்கரையில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆளுக்கு ஆள்தான் மாறியது. ஆரோக்கியம் என்று நம்பி வறட்டு ரொட்டியை மென்றவர்களின் தாடைக்கு நஷ்டஈடு யார் தருவது?

லண்டன் கிங்ஸ் கல்லூரியின் டிம் ஸ்பெக்டர் குழு இரட்டையர்களைப் பிடித்தது. ஒரே மரபணு, ஒரே மஃபின். சர்க்கரை மட்டும் ஆளுக்கொரு திசையில். போதாததற்கு, நீலச் சாயம் கலந்த மஃபினைத் தின்னக் கொடுத்து, அந்த நீலம் மறுபக்கம் எப்போது தலைகாட்டுகிறது என்று குறித்துத் தரச் சொன்னார்கள். 2021-இல் மருத்துவ இதழில் கட்டுரையாகவே வந்தது. சிரிக்காதீர்கள், குடலின் வேகத்தை அளக்க இது மலிவான வழி.

இப்போது இந்த ஆராய்ச்சி வியாபாரமாகவும் ஆகிவிட்டது: மலத்தை டப்பியில் அடைத்து நிறுவனத்துக்குத் தபாலில் அனுப்பினால், அவர்களின் செயலி உணவுக்கு மார்க் போடுகிறது. கடைசியில் வரும் அறிவுரை பெரும்பாலும் ஒன்றுதான்: காய்கறி, பயறு, நார்ச்சத்தைக் கூட்டுங்கள். அதை இங்கே இலவசமாகவே சொல்லியாயிற்று. தபால் செலவை மிச்சம் பிடியுங்கள்.