ஒன்றரை வயது பையர்

உலகத்துக் குழந்தைகளுக்கெல்லாம் கால்சட்டை தைத்து அனுப்பும் ஊர் திருப்பூர். 2009-ல் கோவையையும் ஈரோட்டையும் கிள்ளி அதற்குத் தனி மாவட்டமே கொடுத்தார்கள். அந்த மாவட்டத்து மடத்துக்குளத்தில், என் மகனுக்கு ஒரு பைஜாமா தைக்க ஆளில்லை.

ஆளில்லாமல் என்ன? தையல் மெஷினில் மனைவி ஓவர்லாக், மச்சான் பேட்லாக், சித்தப்பா சிங்கர். ஒருவர் பக்கம் மூட்டுவார், ஒருவர் அடி மடிப்பார், ஒருவர் லேபிள் வைப்பார். முழுசாக ஒரு கால்சட்டையை எவரும் தைத்ததில்லை.

கடைசியில் அம்மாயி, எடைக்கு வாங்கிய பிட்டுத் துணியை விரித்தார். பழைய டவுசரை மடித்து மேலே வைத்து, ஒரு விரல் தள்ளிச் சோப்புத் துண்டால் கோடு இழுத்தார். பின்பக்கம் மட்டும் இரண்டு விரல் உயரம் கூட்டினார்.

"அது எதுக்குங்க அம்மாயி?"

"குந்துனா பின்னாடி இறங்குமல்லோ கண்ணு!"

எந்த சைஸ் சார்ட்டும் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. இடுப்பளவில் ஓரங்குலம் குறைத்து இலாஸ்டிக்கும் கோத்தாயிற்று.

பையன் போட்டுப் பார்த்தான். இரண்டே நிமிடம். உருவி எறிந்துவிட்டு அரைஞாண் கயிற்றோடு வாசலுக்கு ஓடினான்.

வெளிநாட்டு பையர்கூட இவ்வளவு கறார் இல்லை. மொத்த லாட்டும் ரிஜெக்ட், காரணமும் சொல்லவில்லை.