பூச்சிக்கு யார் பெயர்?

செரோக் தொக்குன் காட்டில் ஒரு நாவாய்ப்பூச்சியைப் படம் பிடித்தேன். புது இனமாக இருந்தால் என் பெயரை வைப்பார்களா?
– வாசகர், புக்கிட் மெர்தாஜாம்

அதற்கு உங்களுக்கு அப்பா முறையில் ஒரு பூச்சியியலாளர் வேண்டும்! 2011இல் சிலாங்கூரில் குவெக் ஹோக் பிங் எடுத்த கண்ணாடி இறக்கைப் பூச்சியின் படத்தை ஃபிளிக்கர் இணையதளத்தில் தற்செயலாகப் பார்த்தார், கலிபோர்னிய நிபுணர் ஷான் விண்டர்டன். அதுவரை யாரும் பெயரிடாத இனம். குவெக் மறுபடி காட்டுக்குப் போய்ப் பூச்சியையே பிடித்து லண்டனுக்கு அனுப்பினார். 2012இல் சூட்டிய பெயர், செமாக்கிரைசா ஜேட். ஜேட், விண்டர்டனின் மகள்!

ஆனால் அந்த ஆய்வுக் கட்டுரையின் ஆசிரியர்களில் குவெக்கும் ஒருவர். எனக்கு அதுதான் பெரிய மரியாதையாகப் படுகிறது. படத்தை அழித்துவிடாதீர்கள், இடம், தேதி, எந்தச் செடியில் இருந்தது என்பதையும் குறித்து வையுங்கள்.

அதான் படம் இருக்கிறதே, பூச்சி எதற்கு?

கல்யாணப் போட்டோவைப் பார்த்து ரத்த வகை சொல்ல முடியுமா? வெளித்தோற்றத்தில் ஒன்றுபோல இருக்கும் நாவாய்ப்பூச்சிகளைப் பிரித்தறிய, பெரும்பாலும் ஆண் பூச்சியின் வயிற்று நுனியை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். புது இனத்தின் பெயரைத் தாங்கும் ஒற்றைப் பூச்சி, ஊசியில் குத்தி, இடமும் தேதியும் எழுதிய சீட்டோடு அருங்காட்சியகத்தில் இருக்கும். நூறு வருடம் கழித்துச் சந்தேகம் வந்தாலும் அதைத்தான் எடுத்துப் பார்ப்பார்கள்.

நாவாய்ப்பூச்சிக்கும் தமிழர்களுக்கும் என்ன உறவு?

ரத்த உறவு. மூட்டைப்பூச்சியும் அந்தக் குடும்பம்தானே!

இன்னொன்றும் உண்டு. நாவாய்ப்பூச்சிகள் பலவற்றுக்குப் பெயரிட்ட டென்மார்க்குக்காரர் ஃபப்ரீசியஸ், நம் தரங்கம்பாடியிலிருந்து கப்பலேறிய பூச்சிகள் பலவற்றுக்கும் பெயர் சூட்டியவர்.