மாமாவின் மூக்கு

மூடியைத் தூக்கியதும் முகத்தைக் கொண்டுபோய் உள்ளே விட்டுவிட மாட்டார். அது கற்றுக்குட்டிகள் செய்கிற வேலை. முதலில் பாத்திரத்தை ஒரு குலுக்கு, நுரை கட்டுகிறதா என்று. அடுத்து கரண்டியில் மொண்டு உயரத்திலிருந்து ஊற்றல், நூல் விடுகிறதா என்று. அப்புறம்தான் மூக்கு. கண்ணை மூடிக்கொண்டு ஓர் இழுப்பு. தலையைச் சாய்த்து இன்னோர் இழுப்பு. அதுவரை இட்லித் தட்டோடு நான் நிற்க வேண்டும். கடைசியாக உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கி, நாக்கைச் சப்புக்கொட்டித் தீர்ப்பு சொல்வார்: "ஒரு கொதி விட்டா போதும்மா."

இருபது வருஷத்தில் "கொட்டிடு" என்று அந்த வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. ஆனால் தீர்ப்புகளில் தரம் உண்டு. "நல்லாத்தானே இருக்கு" என்றால் அது இன்றைக்கு வைத்தது. "இப்பத்தான் பதமா இருக்கு" என்றால் நேற்றையது. "லேசாப் புளிக்குது, அது தக்காளிப் புளிப்பு" என்று சொல்லிவிட்டாரென்றால் அன்றைக்கு நீங்கள் விரதம் என்று சொல்லிவிடுவது உத்தமம்.

இதையெல்லாம் பொதுவாகத்தான் சொல்கிறேன். வீட்டுக்கு வீடு இப்படி ஒரு மாமா இருப்பார். அடி நசுங்கிய எவர்சில்வர் தூக்கு ஒன்றை வைத்துக்கொண்டு, "இதுல வச்சா எதுவும் கெடாது" என்பார். பச்சை மப்ளர் கட்டியிருப்பார், வேலூரில், மே மாதத்தில்.

பிரிட்ஜ் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. அதில் அவருடைய இன்சுலினும், நாலு முழம் மல்லிகைப் பூவும், தோசை மாவும் இருக்கின்றன. குழம்பை உள்ளே வைத்தால் ருசி செத்துவிடுமாம். சமைத்ததை அறை வெப்பத்தில் 2 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கத்திரி வெயிலில் எங்கள் சமையற்கட்டின் அறை வெப்பத்தை அந்த நிறுவனம் வந்து பார்த்ததில்லை. மேடை மேல் வைத்த வெண்ணெய் எண்ணெயாகிவிடும்.

ஒன்று சொல்ல வேண்டும், மனிதருக்கு விஷயம் தெரியும். பிரிட்ஜே இல்லாத, பதினோரு பேர் சாப்பிட்ட வீட்டில் வளர்ந்தவர். தேங்காய் அரைத்து விட்டது சாயங்காலம் தாண்டாது, புளியும் நல்லெண்ணெயும் சேர்ந்த புளியோதரை ஊர்ப்பயணத்துக்குத் தாங்கும், சூட்டோடு மூடினால் ஆவி வேர்த்துச் சொட்டி ஊசிப்போகும், எச்சில் கரண்டி ஆகவே ஆகாது. இதெல்லாம் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். வெளியூர் போகும்போது தயிர்சாதத்துக்குப் பாலை ஊற்றி ஒரே ஒரு கரண்டி தயிர் விடச் சொன்னதும் அவர்தான். மதியம் இலையைப் பிரித்தால் புளிக்காமல் பதமாக இருக்கும். சிதம்பரம் தாண்டி, ஓடுகிற ரயிலில் அதைச் சாப்பிட்டபோது அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது.

அந்த மரியாதையில்தான் பல வருஷம் வாயைத் திறக்காமல் இருந்தேன். நர்சிங் இரண்டாம் வருஷம் படிக்கிற என் மகள் இருக்கவில்லை. தண்ணீர் ஊற்றாமல் ராத்திரி முழுக்க மேடையில் கிடந்த சோற்றை அவர் மோந்து பார்த்துக்கொண்டிருந்தபோது பிடித்துக்கொண்டாள்.

"தாத்தா, சோத்துல பேசில்லஸ் சீரியஸ்னு ஒரு கிருமி வரும்."

"ரொம்ப சீரியஸோ?"

"அது பேரே சீரியஸ், தாத்தா. அதோட வித்து கொதிக்கிற தண்ணியிலயும் சாகாது. சோறு ஆறினப்புறம் முளைச்சு விஷம் விடும். திரும்பச் சூடு பண்ணினாலும் அந்த விஷம் போகாது. வாடையும் வராது. சில மணி நேரத்துல வாந்திதான்."

"வாடை வராதுன்னா அது இல்லைன்னுதானே கண்ணு அர்த்தம்?" என்றார். அடுத்து வழக்கமான பிரம்மாஸ்திரம்: "இதையெல்லாம் தின்னுட்டுத்தான் நாங்க உசுரோட இருக்கோம்." இருக்கிறவர்கள்தானே வந்து சொல்ல முடியும் என்று முணுமுணுத்துவிட்டு அவள் காலேஜ் பஸ்ஸுக்கு ஓடிவிட்டாள்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. 2021-ல் கொரோனா வந்தபோது அவருக்கு மோப்பம் போயிற்று. பதினைந்து நாளில் திரும்பிவிட்டது என்று அவரே அறிவித்தார், நாங்களும் நம்பினோம். போன மாசம் கூடத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார். அடுப்பில் பால் சுண்டி, அடிப்பிடித்து, தீய்ந்து, எதிர்வீட்டு அம்மா ஓடிவந்து கதவைத் தட்டுகிறாள். மாமா நிமிர்ந்து பார்த்து, "என்னம்மா, ஏதாவது வேணுமா?" என்றார். கணக்குப் போட்டுப் பாருங்கள். இத்தனை வருஷமாக எங்கள் வீட்டில் தீர்ப்பு எழுதியது வேலை செய்யாத மூக்கு.

சரி, வயசானவர், போகட்டும் என்று விடலாம். விட முடியாததற்குக் காரணம் வேறு. "இப்பத்தான் பதமா இருக்கு" என்று அவர் சொன்ன குழம்பை அவர் ஒருநாளும் சாப்பிட்டதில்லை. அவருக்கு வயிறு ஒத்துக்கொள்ளாதாம். அவர் தட்டில் சூடாக வடித்த சோறும் அப்போது வைத்த ரசமும்தான் விழும். பதமானதெல்லாம் கடைசியில் சாப்பிட உட்காருகிற எனக்கு. நானும் மாட்டேன் என்றால், "கெட்டா போச்சு? வேலைக்கு வர்ற பொண்ணுகிட்ட குடு." இதில் சிரிக்க எனக்கு எதுவும் இல்லை. நமக்கு ஆகாத சோறு அவளுக்கு மட்டும் எப்படி ஆகும்? நான் கொடுப்பதில்லை.

போன திங்கட்கிழமை முருங்கைக்காய் சாம்பார் வைத்தேன். செவ்வாய் இரவு எல்லாரும் தூங்கியபிறகு மிச்சத்தைக் கொட்டினேன். புதன் விடியற்காலை நாலரைக்கு எழுந்து, பருப்பு வேகவைத்து, புதுசாக வைத்து, அதே நசுங்கிய தூக்கில் அதே மட்டத்துக்கு ஊற்றி ஆறவைத்தேன். எட்டு மணிக்கு வந்தார். குலுக்கினார், ஊற்றினார், இரண்டு இழுப்பு இழுத்தார்.

"மூணாவது நாள். ஒண்ணும் ஆகலை பாத்தியா?"

"அப்ப நீங்களே ஊத்திக்குங்க மாமா" என்றேன்.

என் முகத்தைப் பார்த்தார், தூக்கைப் பார்த்தார், பின்வாங்க வழியில்லை. ஆறு இட்லி சாப்பிட்டார். பழைய சாம்பாருக்கு உள்ள ருசியே தனி என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

இதைப் படிப்பவர்களில் யாராவது அவரைப் பார்க்க நேர்ந்தால், புதன்கிழமை முருங்கைக்காய் என்ன விலை விற்றது என்பதை மட்டும் சொல்லிவிடாதீர்கள்.